நாகப்பட்டணம் கண்ணப்பனுக்கு, மெசியா விஷயமாக

பழவேற்காடு,
சார்வரி வருஷம், மார்கழி 4

அன்புள்ள கண்ணப்பனுக்கு, துளசிங்கம் எழுதுவது.

இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இருபது வருஷமாக ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் நான். அந்த வரியைக் கை தானாகவே எழுதிவிடும். உனக்கு எழுதும்போது கை நின்றுவிட்டது. அதனால் நேராகச் சொல்கிறேன். அங்காளம்மாள் இருக்கிறாள். சின்னவன் பிழைத்துவிட்டான். ராஜாத்தியும் உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாள். ஆனால் வீட்டில் இல்லை.

இதை உனக்கு வாசித்துக் காட்டுகிறவர் கொஞ்சம் நிறுத்தட்டும். நீ உட்கார்ந்த பிறகு மேலே படிக்கட்டும்.

ஆனி மாதம் ஒல்லாந்தருக்குப் படகு தள்ள நாகப்பட்டணம் போனாய். அரிசி அனுப்புவதாகச் சொன்னாய். வரவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, அங்கே தெருவிலேயே ஜனங்கள் செத்துக் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இங்கேயும் மழை பொய்த்தது. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டது. ஏரித் தண்ணீர் வற்றி, கஞ்சிக்குப் போட்ட உப்பு மாதிரி கரித்தது. இறாலும் இல்லை, மடவையும் இல்லை. ஐப்பசி முழுக்கப் பசியாவரம் குப்பத்தில் உமரிக்கீரையை அவித்துத் தின்றார்கள். காட்டூர் வயல்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள், மீன்காரிக்கு யார் நெல் கொடுப்பார்கள்?

சின்னவனுக்கு மூச்சு மட்டும் மிச்சம் இருந்தபோது, கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால், உன் மனைவி அங்காளம்மாள் மகள் ராஜாத்தியைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்கு வடக்கே இருக்கும் கிடங்குக்குப் போனாள். இரண்டு மூட்டை அரிசியோடு திரும்பி வந்தாள். அவள் அதை விற்றதாக நினைக்கவில்லை, கண்ணப்பா. இதை நீ நம்ப வேண்டும். வெண்கலப் பானையை அடகு வைப்போமே, அப்படி நினைத்துக்கொண்டாள். புள்ளயோட நைனா வந்ததும் அரிசியைத் திருப்பிக் கொடுத்துக் கூட்டிப் போறேன்னு தரகனிடம் சொன்னாளாம். அவன் தலையை ஆட்டினானாம். அவன் எல்லோருக்கும்தான் ஆட்டுகிறான். அந்தக் கிடங்கிலிருந்து போகிறவர்கள் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு அடிமைகளாகப் போகிறார்கள், அங்கிருந்து ஒருவரும் திரும்பியதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். பசிக்கிற வயிற்றுக்குத் தெரியவில்லை.

என்னை ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். கேட்டா நீ இன்னா குடுத்திருப்ப அண்ணாத்தே என்றாள். என் வீட்டில் அன்று ஒரு ஆழாக்கு கேழ்வரகு இருந்தது.

இப்போது கேள். கோட்டையில் அரிசிக் கணக்குப் பார்க்கிற ஒல்லாந்தனை நான் போய்ப் பார்த்தேன். கப்பல் வருவதற்கு முன்னால் அதே இரண்டு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தால் பெண்ணை விட்டுவிடுவதாகச் சொன்னான். வாடைக்காற்று நிலைத்த பிறகுதான் கப்பல் வரும். அதற்குள் அரிசி சேர வேண்டும்.

போன வாரம் நல்ல மழை. முகத்துவாரம் திறந்துவிட்டது. பசியாவரத்தில் கூட்டம் போட்டார்கள். வாசிக்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம்: எங்கள் ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடங்கள் சிலதான் உண்டு, குடும்பம் குடும்பமாக முறை வைத்துக்கொண்டுதான் கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஊரில் இல்லாதவனுக்குப் பாடு கிடையாது. ஆனாலும் உன் பாட்டை உனக்கே வைத்தார்கள். வடிவேலு எழுந்து தன் பாட்டையும் தருவதாகச் சொன்னான். உன்னோடு வலை விஷயத்தில் மூன்று வருஷம் பேசாமல் இருந்தானே, அதே வடிவேலு. இன்னொருவனும் கொடுத்தான். ஆக மூன்று பாடு. தை பிறந்ததும் முறை வருகிறது. பெண்பிள்ளை வலை கட்ட முடியாது என்பதால் அவர்களே கட்டி, அள்ளி, மரைக்காயர் ஆட்களிடம் போட்டு அரிசியாக வாங்கித் தருவார்கள்.

ஆகவே நீ பதறிக்கொண்டு ஓடி வராதே. ஒப்பந்தம் முடியாமல் ஓடி வந்தால் பிடித்துக் கட்டுவார்கள் என்பது உனக்கே தெரியும். நான் இருக்கிறேன்.

உன் நலம் வேண்டும்
துளசிங்கம்

---

பழவேற்காடு,
மார்கழி 22

கண்ணப்பனுக்கு, துளசிங்கம் சந்தோஷமாக எழுதுவது.

முந்தைய கடிதம் கிடைத்ததா, இல்லையா, தெரியவில்லை. கிடைத்திருந்தால் இரண்டு வாரமாக நீ தூங்கியிருக்க மாட்டாய். இன்று தூங்கு. உன் மகளுக்கு ஒரு பாதுகாப்பு செய்து வைத்திருக்கிறேன். எப்படி என்று விவரமாகச் சொன்னால்தான் என் கெட்டிக்காரத்தனம் உனக்குப் புரியும்.

கோட்டைக்குள் இருக்கும் ஒல்லாந்துப் பாதிரியார் தன் வேதத்தின் சாரத்தைத் தமிழில் எழுத என்னைக் கூலிக்கு வைத்திருக்கிறார். இளவயசுக்காரர். வந்த வருஷமே மனைவியை இந்த மணலில் புதைத்தவர். மார்கழிக் குளிரிலும் வியர்த்துக்கொண்டிருப்பார். அவர் சொல்வதைத் துபாஷி சந்தியாகு தமிழில் சொல்வான், நான் எழுதுவேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, மெசியா என்கிற இடம் வரைக்கும். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று நாள் பிடித்தது.

எண்ணெய் வார்க்கப்பட்டவர் என்று பொருள், அந்தக் காலத்தில் ராஜாவுக்கும் பூசாரிக்கும் தலையில் எண்ணெய் வார்ப்பார்கள் என்றார் பாதிரியார். எங்களூரில் சனிக்கிழமைதோறும் எல்லோரும் மெசியாதான் என்றேன். சந்தியாகு அதை மொழிபெயர்க்காமல் விழுங்கிவிட்டான். அவன் பறங்கிக் கோயில்காரன், ஒல்லாந்தருக்கு ஆகாத ரோமாபுரி மதம், ஜெபமாலையை இடுப்புக்குள் ஒளித்து வைத்திருப்பவன், உனக்குத் தெரியும். அவனிடம் கேட்டதற்கு, எண்ணெயெல்லாம் மேல்பூச்சு, மெசியா என்றால் நமக்காக விலை கொடுத்து மீட்டவர், அந்த விலை என்றைக்கோ கொடுத்தாயிற்று என்றான்.

துணி விஷயமாக வந்த மீரான் மரைக்காயர், துணியை மறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மஸீஹ் என்று எங்களுக்கும் உண்டு, மரியமின் மகன், தடவினால் நோய் தீரும், அவர் இறைவனின் தூதர், இறைவன் இல்லை, கடைசிக் காலத்தில் இறங்கி வருவார் என்று சொன்னார். பாதிரியார் எழுந்து நின்றுவிட்டார். மரைக்காயரும் எழுந்தார். பிறகு இருவருமே மரியாதைக்காக உட்கார்ந்தார்கள்.

பவளம் விற்க வந்திருக்கும் யூதர் ஆபிரகாம் ஒரு மூலையில் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். இது உங்கள் பாஷைச் சொல் ஆயிற்றே, நீர்தான் தீர்த்து வையும் என்று நான் கிளறினேன். மெசியா இன்னும் வரவே இல்லை என்றார் அவர். எப்படித் தெரியும் என்று பாதிரியார் கேட்டார். அவர் வந்தால் சிதறிப்போனவர்களை ஒன்றுசேர்ப்பார், சிறையில் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள், அதுதான் அடையாளம் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே கிடங்கின் ஓடு தெரிகிறது.

எனக்கே வேடிக்கை வரவில்லை. எங்கள் பெருமாளுக்கு இன்னும் ஒரு அவதாரம் பாக்கி இருக்கிறது, அவரும் வரவில்லை என்று ஏதோ சொல்லிவைத்தேன். பாதிரியார் முகமெல்லாம் சிவந்து, மெசியாவின் பெயரில் ஞானஸ்நானம் வாங்கியவர்களை அப்படியெல்லாம் வேறு மதத்தார் கையில் விற்க முடியாது, சட்டமே இருக்கிறது என்றார்.

அங்கேதான் என் மண்டையில் விளக்கு எரிந்தது.

யோசித்துப் பார். கப்பல் எந்த நாள் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பாடு தரும் அரிசி தை பிறந்துதான் சேரும். நடுவில் கப்பல் வந்துவிட்டால்? ராஜாத்தி தலையில் அந்தத் தண்ணீர் விழுந்துவிட்டால் அவளை விற்க முடியாது, விற்க முடியாதவளை ஏற்ற முடியாது. அரிசி மெதுவாகச் சேரட்டும்.

சின்னப் பெண் என்பதால் பரமண்டல ஜெபம் ஒன்றை ஒப்பித்தால் போதும் என்றார் பாதிரியார். கிடங்கின் கம்பி ஜன்னல் ஓரம் நின்று நானே சொல்லிக் கொடுத்தேன். மூன்று நாளில் பிடித்துவிட்டாள், கண்ணப்பா! அன்றாட அப்பம் என்றால் இன்னா மாமா என்று கேட்டாள். தினப்படிச் சோறு என்றேன். அந்த வரியை மட்டும் மற்றதைவிடச் சத்தமாகச் சொன்னாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றினார்கள். மரியம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தானே, வீட்டுக்கு வந்ததும் ஏரியில் ஒரு முழுக்குப் போட்டால் போய்விடும். குலதெய்வத்திடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அங்காளம்மாளுக்குத்தான் முகம் தெளியவில்லை. பாதிரியாரைக் கும்பிட வந்தவள் அன்றைக்கு எங்கள் வாக்குவாதத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். வழியில் என்னிடம், அத்தினி பேரும் கூவினீங்களே, அவரு வந்தா கெடங்கைத் தொறப்பாரானு ஒருத்தரும் கேக்கலியே என்றாள். பாதிரியாருக்குத் தமிழில் சொல் கிடைக்காமல் மெசியா என்றே எழுதச் சொல்லிவிட்டார் என்பதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நீ பயப்படாமல் இரு. கெட்டிக்கார நண்பன் ஒருவன் வாய்த்தான் என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு
துளசிங்கம்

---

பழவேற்காடு,
தை 11

இதை வாசிக்கும் ஐயா அவர்களுக்கு முதலில். இந்தக் கடிதம் எந்தக் கப்பலில் வந்ததோ, அதே கப்பலில் கண்ணப்பனுடைய மகள் இருக்கிறாள். தண்ணீர் பிடிக்க இரண்டு அல்லது மூன்று நாள் அங்கே நிற்கும் என்கிறார்கள். கடிதம் கைமாறி வருவதற்குள் எத்தனை நாள் போயிற்றோ தெரியாது. கப்பல் இன்னும் நிற்கிறதா என்று கரையில் கேட்டுவிட்டு, கண்ணப்பனை நன்றாகப் பிடித்துக்கொண்டு, அப்புறம் படியுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கண்ணப்பா,

பாடு நல்லபடி விழுந்தது. மூன்று பாட்டிலும் இறால் வெள்ளமாக வந்தது. இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று வடிவேலுவே சொன்னான். தை எட்டாம் தேதி காலையில் இரண்டு மூட்டை அரிசி தைத்துத் தயாராக இருந்தது. கப்பல் ஆறாம் தேதியே வந்து நங்கூரம் போட்டிருந்தாலும், இன்னும் ஆட்களை ஏற்றத் தொடங்கவில்லை. நமக்கு நேரம் இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். உனக்குத் தெரிய வேண்டும். நேரம் இருந்தது.

மூட்டையை வடிவேலுவும் இன்னொருவனும் தூக்கி வந்தார்கள். அங்காளம்மாள் தலைவாரி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அரிசிக் கணக்குப் பார்க்கிறவன் மூட்டையைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இந்தப் பெண் இப்போது கிறிஸ்தவள், கிறிஸ்தவளை அஞ்ஞானி வீட்டுக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்றான். பாதிரியார் சொன்ன அதே சட்டம்தான். வேறு மதத்தார் கையில் கொடுக்கக் கூடாது என்றால் மரைக்காயர் கையில், செட்டி கையில் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அந்த வேறு மதத்தாரில் பெற்ற தாயும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷம் எழுத்தாணி பிடித்தவனுக்குத் தோன்றவில்லை.

ஞானஸ்நானம் வாங்காமல் அதே கிடங்கில் இருந்த காட்டுப்பள்ளிப் பெண்ணை அவள் சித்தப்பன் அதே காலையில் அரிசி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனான். என் கண் முன்னால் போனார்கள்.

என் தலையிலும் ஊத்துங்க என்று அங்காளம்மாள் தரையில் விழுந்தாள். பெரியவர்களுக்கு அப்படி ஊற்ற முடியாது, பாடங்கள் படித்து ஒப்பிக்க வேண்டும், ஐந்தாறு மாதம் ஆகும் என்றார்கள். சந்தியாகு முன்னால் வந்தான். நானும் கிறிஸ்தவன்தான், என் வீட்டுக்குக் கொடுங்கள், என் மனைவி மார்கரெட் வளர்ப்பாள் என்று இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்து எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டான். ரோமாபுரிக்காரர்கள் கணக்கில் சேர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குத் துபாஷி வேலை போய்விட்டது.

பாதிரியார் கோட்டைத் தலைவனிடம் ஓடினார். தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகக் கேட்டிருக்கிறார், தலைவன் ஒப்பவில்லை. பத்தாவியாவில் பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி வேலைக்குக் கிறிஸ்தவப் பெண்கள் மூன்று பேர் வேண்டும் என்று எழுதியிருக்கிறாளாம், இரண்டு பேர்தான் இருந்தார்களாம். மூன்றாவதை நான் செய்து கொடுத்தேன். பாதிரியார் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். தமிழில் பேச முயன்றார், வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவரை உதற வேண்டும் போல இருந்தது, ஆனால் உதறவும் முடியவில்லை, அவருக்கும் என்னைப் போலத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மரைக்காயர் தன் பங்குக்குத் தலைவனிடம் ஆள் அனுப்பினார், பலனில்லை. ஆபிரகாமும் வாசலில் வந்து நின்றார். பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

இன்று விடியற்காலையில் ஏற்றினார்கள். மேகம் இல்லாமல் நல்ல வாடை. அதுதான் வயிற்றெரிச்சல், அவ்வளவு நல்ல காற்று. படகில் உட்கார்ந்து ராஜாத்தி கையை ஆட்டினாள். அவள் அழவில்லை. கப்பல் நாகப்பட்டணத்தில் நிற்கும், அங்கே உன் நைனா இருக்கிறார் என்று கம்பி ஜன்னலில் நான் சொல்லியிருந்தேன். ஒரு குழந்தை கண்ணைத் துடைத்துக்கொள்ள வேறென்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அதை நம்பிப் போகிறாள்.

இனி நான் கேட்பதைக் கேள். நீ அவளை மீட்க முடியாது. நீயும் அஞ்ஞானி. கத்தியை எடுக்காதே, யாரையும் அடிக்காதே, உன்னையும் கட்டிக் கீழே போடுவார்கள், அப்புறம் சின்னவனுக்கு ஒருவரும் இல்லை. அலைக்கு அப்பால் நிற்கும் கப்பலுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் கொண்டுபோகிற படகுகளில்தானே நீ துடுப்புப் போடுகிறாய்? உன் முறை இல்லாவிட்டாலும் யார் காலில் விழுந்தாவது அந்தப் படகில் ஏறு. பெண்களை மேல்தட்டில் பின்பக்கம் வைத்திருப்பதாகக் கடிதம் கொண்டுவரும் கப்பல் ஆள் சொன்னான். அந்தப் பக்கமாகப் போ. மரியம்மா என்று கூப்பிடாதே, அந்தப் பெயருக்கு அவள் இன்னும் திரும்புவதில்லை.

பார்த்தால், அழாமல் நில். உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் நில். தண்ணீர் இறக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் அவள் உன்னைப் பார்க்கட்டும். நீ பீப்பாயைத் தூக்கிக்கொண்டே இரு, நிறுத்தினால் துரத்திவிடுவார்கள்.

இதெல்லாம் யாரால் வந்தது என்று அவள் கேட்க மாட்டாள். கேட்டால் மாமா என்று சொல்லிவிடு. அம்மா என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

அந்த இரண்டு மூட்டையும் உன் வீட்டு மூலையில் இருக்கிறது. தையல் பிரிக்கவில்லை. சின்னவனுக்கு அண்டை வீட்டில் கஞ்சி ஊற்றுகிறார்கள். அங்காளம்மாள் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் வைக்கவில்லை. நாங்கள் சொல்லிப் பார்த்தோம், வடிவேலு திட்டியும் பார்த்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ராஜாத்தி உன்னைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்க மாட்டாள், அம்மா துன்னாளானுதான் கேட்பாள். துன்னா, வயிறு நெறயத் துன்னா என்று சொல், கண்ணப்பா. சத்தமாகச் சொல், மேல்தட்டு வரைக்கும் கேட்க வேண்டும்.

உன் கையால் அடி வாங்கக் காத்திருக்கும்
துளசிங்கம்